சோளகத்திலும் நிற்கிற முற்றம்

வன்னியில் ஒரு வீட்டுத்தோட்டத்தை ஆவணி மாதத்தில்தான் பார்க்க வேண்டும். மார்கழி மழையில் எல்லா வளவும் பச்சைதான். வைகாசியில் சோளகம் புழுதியோடு வீசத் தொடங்கி, கிணற்றுத் தண்ணீரும் கீழே இறங்கிவிட்டால், வாளி வாளியாய் ஊற்றி வளர்த்தவை கருகிப்போகும். அதனால் எந்தக் கன்றை வாங்க முன்னரும் நான் கேட்பது இதைத்தான்: இரண்டு மூன்று மாதம் கவனிக்காமல் விட்டாலும் இது தப்புமா?

முதலில் தரை. புல், இன்ரலொக் கல், மணல் முற்றம் என்ற மூன்றில் புல்லை எவருக்கும் சொல்லமாட்டேன். பெந்தோட்டைக்குப் பக்கத்தில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் வாங்கி, வாழ்நாள் முழுக்கச் செதுக்கிய லுணுகங்க தோட்டத்தின் படங்களைப் பார்த்துப் பலர் ஆசைப்படுகிறார்கள். அது ஈரவலயம். நாங்கள் இருப்பது வருடத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெறும் உலர்வலயம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். இன்ரலொக் கல்லில் களை குறைவு, சேறும் இல்லை. ஆனால் மத்தியான வெக்கையை வாங்கி வீட்டுக்குள் அனுப்பும். மழைத்தண்ணீரை நிலத்துக்குள் விடாமல் வீதிக்குத் தள்ளும். படலையிலிருந்து விறாந்தை வரை ஒரு பாதைக்கு அது போதும். மிச்சம் மணல் முற்றமாகவே இருக்கட்டும். விளக்குமாறு ஒன்றுதான் அதன் செலவு, பாம்பு வந்தாலும் தூரத்திலேயே தெரியும். மழைக்கு வழுக்கும் செம்மண் காணியென்றால் கீழே கிரவல் பரவி, மேலே மணல் போடுங்கள்.

வேலியில்தான் காசு அதிகம் வீணாகிறது. கட்டாக்காலி மாடுகளுக்குப் பயந்து நாற்புறமும் மதில் எழுப்பிக் கடன்படுகிறார்கள். கிளுவை, பூவரசு, கிளிசரியா கதியால்களை நெருக்கமாக நட்டு, அவற்றோடு முட்கம்பி இழுத்தால் மாடு நுழையாது, காற்று நுழையும். வருடத்துக்கு ஒன்றிரண்டு தரம் வெட்டவேண்டும். வெட்டிய குழை ஆட்டுக்கும் பசளைக்கும் ஆகும். மதில் ஆசை இருந்தால் வீதிப் பக்கம் மட்டும் இடுப்பளவில் கட்டுங்கள். அந்தச் சுவர் பிறகு வேறொன்றுக்கும் உதவும்.

2012இல் வேகமெடுத்த இந்திய வீட்டுத்திட்டம் வடக்கு கிழக்கில் 46,000 குடும்பங்களுக்கு வீடு கட்ட உதவியது. குடும்பத்துக்கு 550,000 ரூபாய், சுமார் 550 சதுர அடி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தெரு நெடுக ஒரே சாயலில் வீடுகள் நிற்பது இதனால்தான். வீட்டை வேறுபடுத்த இடமில்லை, வளவை வேறுபடுத்தலாம். கலை இங்கே அலங்காரத்துக்கு மேலான வேலை செய்கிறது. ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூல் 2011இல் வெளிவந்தது; தோம்பு என்றால் காணிப் பதிவேடு. போரினால் இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்கள் அதில் உண்டு. தோட்டம் போட நினைக்கும் குடும்பம் முதலில் அப்படி உட்கார்ந்து பழைய வளவை வரையட்டும். கிணறு எங்கே, முற்றத்து மரம் எது, அம்மம்மா எங்கே இருந்து பாக்கு வெட்டினா என்றெல்லாம் தாளில் வந்துவிட்டால் புதிய வளவின் பாதி தீர்மானமாகிவிடும்.

சீமெந்து மான், கொக்குகளை வாங்கி வைப்பதா, வீட்டில் மிஞ்சிய உரலையோ ஆட்டுக்கல்லையோ வைப்பதா என்றால், தயங்காமல் உரல்தான். சீமெந்துச் சிலையின் நிறம் இரண்டு கோடையில் உரிந்துவிடும். கருங்கல்லுக்குப் பராமரிப்பே இல்லை. உடைந்த ஓடுகளை விளிம்பில் குத்தி நட்டால் பாத்திக்கு நல்ல கரை. இடுப்பளவு மதிலுக்குக் காவி பூசி, முன்னே வெள்ளைக் கடதாசிப்பூ ஒன்றை மட்டும் விடுங்கள். பத்து நிறங்களைச் சேர்த்தால் எதுவும் கண்ணில் நிற்காது.

செடிகளில் தேமா, அடினியம், மருள், பட்டிப்பூ ஆகியவை வரட்சிக்கு அசையாதவை. குறோட்டனும் அந்தூரியமும் நாற்றுமேடையில் கவர்ச்சியாக இருக்கும், வெயிலில் உங்களை வேலை வாங்கும். செவ்வரத்தையும் வாழையும் வேண்டுமென்றால் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற கிணற்றடியில் வையுங்கள். யானை வருகிற எல்லைக் கிராமங்களில் வீட்டோடு வாழை வேண்டாம். அலரி கோடையிலும் தளதளக்கும், ஆனால் அதன் விதை கொடிய நஞ்சு. எந்த வளவிலும் வேண்டாம் என்பேன். கார்த்திகைப்பூ மழையோடு தானே முளைத்து, பூத்து, கோடையில் கிழங்காய் உறங்கும். அந்தக் கிழங்கும் நஞ்சுதான், பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். வேம்பை மேற்குப் பக்கம், சுவரிலிருந்து இருபது அடி தள்ளி நட்டால் பின்னேர வெயில் மறையும்.

கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியானாலும், குழி தோண்டும்போது இனந்தெரியாத இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல் நிறுத்திப் பொலிசுக்கு அறிவியுங்கள். கதியாலும் கன்றும் ஐப்பசி முதல் மழையோடு மண்ணில் இறங்கட்டும். முதற்கோடைக்கு மட்டும் ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நிரப்பி மூடிவிடுங்கள். தண்ணீர் மெதுவாகக் கசிந்து வேருக்குப் போகும். வாரத்துக்கு ஒன்றிரண்டு தரம் நிரப்பினால் போதும்.