மாத்திரை எழுதிய பிறகுதான் வேலையே

சிவகாசி, வெம்பக்கோட்டை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு எந்தப் பிள்ளையும் இங்கே வருவதில்லை. "ஓயாம தலைவலிங்கான்க்கா, ராத்திரி பூரா முழிச்சே கெடக்கான்" என்றுதான் அம்மா கூட்டிவருவார். பலர் கோடாங்கியைப் பார்த்துவிட்டு, மந்திரித்த கயிறோடு வருவார்கள். கயிற்றைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவிழ்க்கச் சொன்னால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

முதலில் பேசுவது எங்கள் நர்ஸ். "எடை பாக்கலாம் வாப்பா" என்று உள்ளறைக்குத் தனியாக அழைத்துப்போவார். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை வாயே திறக்காது. ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. கடைசிக் கேள்வி சாகத் தோன்றுகிறதா என்பது. அதை நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்று தலையசைத்தால் அன்றைக்கே டாக்டருக்கும் மனநல மருத்துவருக்கும் சொல்ல வேண்டும், வீட்டில் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிவைக்கச் சொல்ல வேண்டும்.

மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதும் ஃப்ளூக்ஸெடின் மாத்திரை வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இரண்டாவது வாரமே "மருந்து கேக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள். ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர்களை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது அந்த முதல் வாரங்களில்தான்; தற்கொலை எண்ணம் சிலருக்குக் கூடலாம். அதனால் வாராவாரம் போன் செய்கிறேன், ராத்திரி ஏழு மணிக்கு மேல். பகலில் அம்மா பட்டாசு ஆலையில் இருப்பார், அங்கே செல்போனுக்கு அனுமதியில்லை. மறுபரிசோதனைக்கு வந்தால் ஒருநாள் கூலி போகும். வராதவர்களைக் கிராம சுகாதார செவிலியர் வீட்டிலேயே பார்த்துவிடுவார்.

இப்படி விடாமல் பின்தொடர்வதற்குப் பலன் உண்டு. 2014இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லாரா ரிச்சர்ட்சன் குழு 101 வளரிளம் பருவத்தினரை வைத்து ஆய்வு செய்தது. மருத்துவக் குழு சேர்ந்து விடாமல் கவனித்த பிள்ளைகளில் ஓராண்டில் பாதிப் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள்; வழக்கமான சிகிச்சையில் ஐந்தில் ஒருவர்.

இங்கே வகுப்பாசிரியரும் எங்கள் குழுவில் ஒருவர்தான். வெடிவிபத்து நடந்த ஊரில் எந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவது நின்றது, எது பேச்சைக் குறைத்தது என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். 2012இல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 38 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படியொரு துக்கம் விழுந்த ஊரில் பிள்ளைகளே தேடிவரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வர வழியில்லாத வீடுகளுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ் இருக்கிறது: 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளையின் போனில் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.