நடுகல்லும் வேடியப்பனும்: கிருட்டிணகிரிப் பகுதி வழிபாட்டின் உட்பொருள்

தொல்காப்பியம் நடுகல் எடுத்தலைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுக்கிறது. கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஆநிரைப் பூசலில் வீழ்ந்தோர்க்கு எடுத்த நடுகற்கள் பல, இன்று வேடியப்பன் என்னும் தெய்வமாக வணங்கப்பெறுகின்றன. இவ்வட்டார நடுகற்கள் சிலவற்றில் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டுள்ளன. அவன் ஏந்திய படைக்கலம் வீழ்ந்த கணத்தைக் குறிக்கிறது. கெண்டி, இறந்த பின்னும் ஊரார் படையலை அவன் ஏற்பதைக் குறிப்பதாகக் கொள்ளலாம். தனக்காக மாய்ந்தவனுக்கு ஊர் செலுத்தும் நன்றிக்கடனே வேடியப்பன் வழிபாட்டின் உட்பொருள் எனலாம். ஓசூர்ப் பகுதியில் தொழிற்சாலைகளுக்காக நிலம் சமன்செய்யப்படும் சூழலில், கல்லை அருங்காட்சியகத்திற்கு மாற்றினால் சிற்பம் எஞ்சும், படையல் அற்றுப்போகும். எனவே கல்லோடு அது நிற்கும் இடத்தையும் வழிபாட்டையும் சேர்த்தே ஆவணப்படுத்துதல் வேண்டும்.