டியூப் போடுவது சிரமம் என்று டாக்டர் சொன்னால்…
பதில் சொல்கிறார்: மயக்கவியல் நிபுணர்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பல வருடமாகப் பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உண்டு. வாய் சரியாகத் திறக்காது. இட்லியைக்கூடச் சின்னச் சின்னதாகப் பிட்டுத்தான் உள்ளே தள்ளுவார். மயக்க டாக்டர் வாயையும் கழுத்தையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக டியூப் போட்டுவிட்டுத்தான் மயக்கம் கொடுப்போம்" என்கிறார். வயிற்று ஆபரேஷனுக்கு ஏன் இதெல்லாம்? கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கவலையை விடுங்கள் அம்மா. உங்கள் டாக்டர் சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார்.

முழு மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுப்போம். அதன்பின் நோயாளியால் தானாக மூச்சுவிட முடியாது. லாரிங்கோஸ்கோப் என்ற கருவியை வாய்க்குள் விட்டு, நாக்கை ஒதுக்கித் தூக்கி, குரல்நாண்களைக் கண்ணால் பார்த்து, அவற்றுக்கு நடுவே மூச்சுக்குழாய்க்குள் டியூபைச் செலுத்துவோம். முன்கூட்டியே மாஸ்க் வழியாக 3 நிமிடம் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்திருந்தால், ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த இருப்பு ஏறக்குறைய 8 நிமிடம் தாங்கும். உடல் பருமன் உள்ளவருக்கு 3 நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் டியூப் போகவில்லை என்றால் வேறு வழியிலாவது ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும். எங்கே தடங்கல் வரும் என்று முந்தின நாளே பார்ப்பது இதற்காகத்தான்.

வாயைத் திறந்தால் அவரவர் விரல் மூன்று நுழைய வேண்டும். நாக்கை முழுதாக நீட்டினால் உள்நாக்கும் தொண்டையின் பின்சுவரும் தெரிகின்றனவா என்று பார்ப்போம். ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-இல் வகைப்படுத்திய இந்தச் சோதனைதான் இன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. கழுத்தை அண்ணாந்தால் முகவாய் நுனிக்கும் குரல்வளை மேட்டுக்கும் இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா என்று பார்ப்பது தாடை முன்னே நகர்கிறதா என்று அறிவதற்கு. நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளைக் கைகூப்பச் சொல்வோம். உள்ளங்கைகள் ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால், கழுத்து மூட்டுகளும் இறுகியிருக்கலாம்.

உங்கள் கணவருக்கு இருப்பது, பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்சவ்வு தழும்பாக இறுகிப்போகும் நோய். மயக்கத்தில் தசை தளரும்; தழும்பு தளராது. மருந்து கொடுத்த பிறகும் வாய் இதே அளவுதான் திறக்கும், மூச்சு மட்டும் நின்றிருக்கும். அந்த நிலைக்குப் போகாமலே வேலையை முடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

முதலில் எச்சிலைக் குறைக்க ஊசி போடுவார்கள். மூக்கில் ரத்தம் வராதிருக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். மூக்கையும் தொண்டையையும் லிக்னோகெயின் மருந்தால் மரக்க வைப்பார்கள். தொண்டையில் எதுவோ தடித்து நிற்பது போலத் தோன்றும், கொஞ்சம் இருமல் வரும். பிறகு நுனியில் கேமரா உள்ள மெல்லிய, வளையும் குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழாய்வரை செலுத்தி, அதன் மேலேயே டியூபை நழுவ விடுவார்கள். வெளிவரும் மூச்சில் கார்பன் டைஆக்ஸைடு இருப்பதை மானிட்டரில் உறுதிசெய்த பிறகுதான் மயக்க மருந்து. அதுவரை அவர் தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. பாக்கையும் புகையிலையையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இந்த நோய் புற்றுநோயாக மாறக்கூடியது.

கேள்வி: சோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் டியூப் போடுவதில் சிக்கலே வராது என்று நம்பலாமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: நம்ப முடியாது. 2015-இல் வெளியான டென்மார்க் ஆய்வு 1,88,064 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. டியூப் போடச் சிரமப்பட்ட 3,391 பேரில் 93 சதவீதத்தினருக்கு அந்தச் சிரமம் முன்கூட்டியே கணிக்கப்படவில்லை. ஆகவே யாருக்கு மயக்கம் கொடுத்தாலும் அடுத்தடுத்த வழிகளை முன்பே முடிவு செய்து, கருவிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவுக்கென்று 2016-இல் அகில இந்திய கடின சுவாசப்பாதை சங்கமும் வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. அடிப்படை இதுதான். டியூப் போடும் முயற்சியைச் சில தடவைகளோடு நிறுத்த வேண்டும். போகவில்லை என்றால், குரல்வளையின் மேல் பொருந்தி உட்காரும் மாஸ்க்கை வைக்க வேண்டும். ஆங்கிலேய டாக்டர் ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல் உருவாக்கியது அது. அதுவும் பொருந்தாவிட்டால் முகமாஸ்க் வழியே ஆக்சிஜன் கொடுத்து, முடிந்தால் நோயாளியை எழுப்பிவிட வேண்டும். எதுவும் பலிக்காதபோது தாமதிக்காமல் கழுத்தின் முன்புறம் குரல்வளைச் சவ்வைக் கீறி டியூப் போட வேண்டும். முயற்சியை நிறுத்தாமல் டியூபைத் திரும்பத் திரும்பச் செலுத்தப் பார்த்தால் தொண்டை வீங்கி, ரத்தம் கசிந்து, மாஸ்க்கில் காற்றுப் போகிற வழியும் அடைபட்டுவிடும்.

2005-இல் இங்கிலாந்தில் எலெய்ன் பிரோமிலி என்ற இளம் தாய் சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். டியூப் போகவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் அதே முயற்சியைத் தொடர்ந்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்தைத் திறக்கும் கருவிகளைக் கொண்டுவந்து நின்றும் அவை பயன்படுத்தப்படவில்லை. எலெய்ன் நினைவு திரும்பாமலே இறந்தார். விமானியான அவருடைய கணவர் மார்ட்டின் பிரோமிலி, நெருக்கடியில் மனிதர்கள் எப்படித் தவறுகிறார்கள் என்பதை மருத்துவ உலகம் கற்க வேண்டும் என்று 2007-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆபரேஷன் தியேட்டரில் யார் வேண்டுமானாலும் "நிறுத்துங்கள், அடுத்த வழிக்குப் போவோம்" என்று சொல்லலாம், அதை மூத்தவர் கேட்க வேண்டும் என்ற பழக்கம் உயிர் காக்கும்.

கேள்வி: முதல் சிசேரியனின்போது எனக்கு டியூப் போட ரொம்பச் சிரமப்பட்டதாக வாய்மொழியாகச் சொன்னார்கள். இப்போது தைராய்டு ஆபரேஷன். இதைச் சொல்ல வேண்டுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: முதல் வேலையாகச் சொல்லுங்கள். நாங்கள் செய்யும் எந்தச் சோதனையைவிடவும் இந்த ஒரு தகவல் கனமானது. தைராய்டு வீக்கம் மூச்சுக்குழாயை அழுத்தக்கூடும் என்பதால் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். பழைய மருத்துவமனையில் மயக்கப் பதிவேட்டின் நகல் கேட்டு வாங்குங்கள். என்ன சிரமம், மாஸ்க்கில் மூச்சுக் கொடுக்க முடிந்ததா, கடைசியில் எந்தக் கருவியால் டியூப் போனது: இந்த மூன்றும் எங்களுக்கு வேண்டும்.

ஆபரேஷனுக்குப் போகிற எல்லோருக்கும் சொல்கிறேன். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், கழுத்தில் தீக்காயத் தழும்பு, தொண்டையில் கதிர்வீச்சுச் சிகிச்சை, ஆடும் பல், கட்டிய பல்செட் எதையும் மறைக்காதீர்கள். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். டியூப் போடச் சிரமமாக இருந்தது என்று யாராவது சொன்னால், அதை எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். அடுத்த மருத்துவமனையில் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.