பனி மேல் போடும் பழி

மார்கழி மாதம், விடியற்காலை நாலு மணி. கோயம்பேட்டுக்குக் கிளம்ப வேண்டிய பழைய குட்டி யானை (டாடா ஏஸ்) ஒன்று ஆதம்பாக்கத்துத் தெருவோரம் முக்கிக்கொண்டு நிற்கிறது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. டீக்கடையிலிருந்து எட்டிப் பார்ப்பவர் முதல் பக்கத்து ஷெட்காரர் வரை எல்லாரிடமும் ஒரே தீர்ப்பு: "பனிண்ணே, வேற ஒண்ணுமில்ல." இந்தத் தீர்ப்பை நம்பி நாலு மார்கழி ஓட்டியவர்கள் கடைசியில் செல்ஃப் மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்து மாற்றுகிறார்கள்.

"பனியில டீசல் உறைஞ்சுடுது."

டீசலில் மெழுகுத்தன்மை உண்டு. கடுங்குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். அது வரைக்கும் உண்மை. ஆனால் எவ்வளவு குளிரில்? ஐ.எஸ். 1460 என்ற இந்தியத் தர அளவுப்படி, குளிர்கால டீசல் 6 டிகிரி செல்சியஸ் வரை ஃபில்டரை அடைக்காமல் ஓட வேண்டும். நமக்குப் பக்கத்து மீனம்பாக்கத்தில் ஜனவரி இரவுகள் சராசரியாக 20, 21 டிகிரிக்குத்தான் இறங்குகின்றன. நூறாண்டு தாண்டிய பதிவேடுகளில் நுங்கம்பாக்கம் கண்ட மிகக் குறைந்த அளவே 13.9. லடாக்கில் இது நிஜமான சிக்கல். அதனால்தான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆதம்பாக்கத்தில் உறைய வாய்ப்பே இல்லாத டீசலை இளக்குவதற்காக மண்ணெண்ணெய் ஊற்றினால், வழவழப்புக் குறைந்து டீசல் பம்புதான் தேயும். கலப்படம் சட்டப்படி குற்றம் என்பது வேறு.

பிறகு ஏன் காலையில் மட்டும் அடம்? இங்கே குளிர் என்பது வானிலை அல்ல, ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன இரும்பு. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினேழில் ஒரு பங்காகவோ இருபத்திரண்டில் ஒரு பங்காகவோ அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், அழுத்தம் கசியக் கூடாது, டீசல் உரிய நேரத்தில் வந்து விழ வேண்டும். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தால், பகலில் இன்ஜினில் தங்கிய சூடு அந்தக் குறையை மறைத்துவிடும். விடியற்காலையில் அந்த மறைப்பு இருப்பதில்லை.

"மெட்ராஸ் வெயிலுக்கு ஹீட்டர் ப்ளக் எதுக்கு?"

பெரிய லாரி ஓட்டிப் பழகியவர்கள் சொல்லும் பேச்சு இது. அவர்கள் வண்டிக்கு இது சரியும்கூட. லேலண்ட் லாரியிலும் டாடா 407-லும் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. நம் ஊர்க் காலையில் அவை ஹீட்டர் இல்லாமலே பிடிக்கும். 2005-ல் வந்த டாடா ஏஸின் 702 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜின் வேறு ஜாதி. அதில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் விழுந்து பற்றுகிறது. அந்த அறையின் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடுவதால், 25 டிகிரி காலையிலும் ஹீட்டர் ப்ளக் தேவைப்படுகிறது. பழைய டீசல் அம்பாசடரும் இதே வகைதான்.

இரண்டே சிலிண்டர் என்பதால் ஒரு ப்ளக் போனால் பாதி இன்ஜின் போன கணக்கு. சோதிப்பது எளிது. ப்ளக் மேல் உள்ள இணைப்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லாம்ப் வழியாக ப்ளக் முனையைத் தொடுங்கள். பல்பு எரியாவிட்டால் ப்ளக்கில் இழை அறுந்திருக்கிறது. இரண்டு ப்ளக்கும் நன்றாக இருந்தால் ரிலேயையும் அதற்குப் போகும் ஒயரையும் பாருங்கள். சாவியைப் போட்டவுடன் ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுக்காமல் செல்ஃப் அடிக்கும் பழக்கத்துக்கு மட்டும் எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்காது.

"புகையே வரல, அதனால இன்ஜின் நல்லா இருக்கு."

நேர்மாறு. செல்ஃப் சுற்றும்போது சைலன்ஸரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போய்ச் சேர்கிறது, பற்றவில்லை என்று பொருள்: ஹீட்டர், சுற்றும் வேகம், அழுத்தம், இந்த மூன்றில் ஒன்று. புகையே வராவிட்டால் டீசலே வரவில்லை. ராத்திரி எங்கோ ஒரு செப்பு வாஷரிலோ ஃபில்டர் மூடியிலோ இற்றுப்போன ஹோஸிலோ காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் டேங்குக்கே திரும்பிவிட்டது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பதற்குள் பல பேர் பம்பைக் கழற்றிவிடுகிறார்கள். காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் ஹேண்ட் பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள். உடனே பிடித்தால் காற்றுதான் என்று சந்தேகப்படலாம். பிறகு ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற ஒரு சாண் டியூப் போட்டு விடியும்வரை விட்டால், குமிழியே சாட்சி சொல்லும். வாஷர் விலை ஒரு டீ விலையைத் தாண்டாது.

"பேட்டரி புதுசு, அது காரணமா இருக்காது."

பேட்டரியைக் கொல்வது சென்னையின் மே மாதம். மார்கழியில் வெளிப்படுவது அந்தச் சாவின் செய்தி மட்டும். சூடு கூடக் கூட ஆசிட் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற 12 வோல்ட் பேட்டரி காலையில் 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறிக் கரண்ட் குடிக்கிறது. பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் எர்த் ஒயரைச் சந்தேகியுங்கள். சேஸிஸில் போல்ட் போட்ட இடம் மழையிலும் உப்புக் காற்றிலும் துருப்பிடித்திருக்கும். ஒயர் பளபளவென்று இருந்தும் பயனில்லை. 24 வோல்ட் லாரிகளில் இரண்டு பேட்டரியில் ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தெரியும். பழையது புதியதையும் சீக்கிரம் கீழே இழுத்துவிடும்.

இன்ஜினைப் பிடிக்க வைக்க ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி வைப்பது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் வேண்டாம். சூடான ஹீட்டர் ப்ளக் உள்ள இன்ஜினில் அந்த ஆவி நேரம் தப்பிப் பற்றி, பிஸ்டனையோ உங்கள் முகத்தையோ பதம் பார்க்கும். தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதைச் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்தால் பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டி பிடிக்கத்தான் செய்யும். ஆனால் இன்ஜின் பிடிக்கும்வரை பிரேக்குக்கு வாக்குவம் உதவி கிடையாது என்பதை உருட்டுகிறவர் மறந்துவிடக் கூடாது. பிடித்த பிறகு பதினைந்து நிமிடம் நிறுத்திவைத்துச் சூடேற்றுவதும் வீண். ஐடிலில் டீசல் இன்ஜின் சூடாவதே மெதுவாகத்தான். ஒரு நிமிடம் விட்டு, ஆக்ஸிலரேட்டரை மென்மையாக மிதித்து ஓட்டினாலே போதும்.

ஒரே ஒரு இடத்தில் பயப்படுவது நியாயம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் வண்டிகள் முழுகின. இன்டேக் வரை தண்ணீர் ஏறிய வண்டியில் "சும்மா ஒரு செல்ஃப்" அடிக்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். முதலில் ஹீட்டர் ப்ளக்கையோ நாசிலையோ கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் காலையில் அடம் பிடித்தால், அப்போது ரிங், வால்வு பேச்சை எடுக்கலாம். அதற்கும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஹீட்டர் ப்ளக் ஓட்டையில் கம்ப்ரெஷன் கேஜை மாட்டி இரண்டு சிலிண்டரையும் அளந்து, எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேஜே இல்லாமல் "இறக்கிடலாம்ணே" என்கிற ஷெட்டில் வண்டியை விட வேண்டாம்.