நன்னீர்ச் சிற்றுயிர்கள் தம் உடல்நீரை ஒழுங்குபடுத்துமாறு

திருவனந்தபுரத்தின் தெற்கே, வேளாண்மைக் கல்லூரியை அடுத்துள்ள வெள்ளாயணிக் காயல் நன்னீர் நிரம்பியது. நகரின் வடமேற்கே உள்ள ஆக்குளம்–வேளிக் காயலோ அவ்வாறன்று. மழைக்காலத்தில் பொழி திறக்கும்போது கடல்நீர் உட்புகுவதால் அதன் உப்பளவு ஏறி இறங்குகிறது. இவ்விரு நீர்களிலும் வாழும் சிற்றுயிர்களுக்கு உள்ள இடர் ஒரே தன்மையதன்று.

நன்னீரில் வாழும் பாரமீசியம் என்னும் ஓரணு உயிரை எடுத்துக்கொள்வோம். அதன் உடலிலுள்ள கரைபொருள்கள் புறநீரிலுள்ளவற்றைக் காட்டிலும் செறிவு மிக்கவை. ஆகவே சவ்வூடு பரவலினால் நீர் இடையறாது உட்புகுகின்றது. வெளியேற்றாவிடின் உடல் ஊதி வெடித்துவிடும். இதன்பொருட்டு அதற்கு இரு சுருங்கு குமிழ்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றையும் சூழ்ந்து, கதிர்கள் போன்ற நுண்கால்வாய்கள் நீரைத் திரட்டித் தருகின்றன. குமிழ் நிறைந்ததும் சுருங்கி நீரை வெளியே தள்ளுகிறது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் தன் உடலின் கன அளவுக்கு ஒத்த நீரை இவ்வுயிர் இறைத்துவிடுகிறது என்பர். நமது கிணற்றுத் துலாவுக்கும் இத்தகைய வேகமில்லை!

நீரை மட்டும் தனியே இழுக்கும் பொறி எவ்வுயிரிடத்தும் இல்லை. பொட்டாசியம், குளோரைடு ஆகிய அயனிகள் ஆற்றல் செலவிட்டுக் குமிழுக்குள் செலுத்தப்படுகின்றன. நீர் அவற்றைத் தொடர்கிறது. இவ்வாறு இழக்கும் உப்பை உணவிலிருந்தும் புறநீரிலிருந்தும் அது மீண்டும் ஈட்டியாக வேண்டும்.

சுருங்கு குமிழை 'இதயம்' என்று மாணவர்க்குக் கூறுதல் பிழை. கழிவுறுப்பு என்று மட்டும் எழுதுவதும் பொருந்தாது; அம்மோனியாவின் பெரும்பகுதி உடற்பரப்பின் வழியே வெளியேறிவிடுகிறது.

வைக்கோல் ஊறிய நீரில் வளர்ந்த பாரமீசியங்களைப் பஞ்சிழைகளுக்கிடையே நிறுத்தி, மைக்ராஸ்கோப்பில் நோக்கி, இரு சுருக்கங்களுக்கு இடைப்பட்ட விநாடிகளைக் கணக்கிடுக. பின்னர் லிட்டருக்கு 2 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஒரு துளி சேர்த்து மீண்டும் கணக்கிடின், இடைவேளை நீண்டிருக்கும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: கண்ணாடி வில்லையின் கீழுள்ள நீர் நேரம் செல்லச் செல்ல வற்றித் தானே செறிவடையும். எனவே உப்பிடாத வில்லையொன்றையும் உடன்வைத்து ஒப்பிடாத கணக்கு பயன்படாது.

ஹைடிராவுக்குச் சுருங்கு குமிழ் இல்லை. உட்புகும் நீரை அது தன் குடற்குழியில் சேர்த்து வாய்வழியே உமிழ்கிறது. நன்னீர்க் கடற்பஞ்சுகளின் அணுக்களிலோ இக்குமிழ்கள் உள்ளன. ('நன்னீர்க் கடற்பஞ்சு' என்னும் பெயர் முரணாயினும் வழக்கில் நிலைத்துவிட்டது.) நெல்சன் அன்னண்டேல் 1909-ல் விவரித்த திருவிதாங்கூர்க் கடற்பஞ்சு இனம், சாஸ்தாங்கோட்டைக்கு அருகே, சிறிது உப்புக் கலந்த காயல்நீரில் கிடைத்ததாகும்.