வில் ஏந்திய பதினாறு பேர்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து விளையாட்டுப் போட்டிகளுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஊன்றுகோல் துணையுடன் நடக்கும் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நம்மிடையே உண்டு. அவரைக் கேளாமலே, அவர் பெயரைப் 'புள்ளிக் கணக்கு எழுதுவோர்' என்ற தலைப்பின்கீழ்ச் சேர்த்துவிட்டேன். அவருக்கு நன்மை செய்வதாகவே எண்ணினேன். அவரும் மாலை வரையில் அமர்ந்து பிழையின்றிக் கணக்கு எழுதினார். இரவு விடுதிக்குத் திரும்பும் வழியில், "மற்றவர்களை எல்லாம் எந்த ஆட்டம் வேண்டும் என்று கேட்டீர்களே, என்னை மட்டும் ஏன் கேட்கவில்லை?" என்றார். என்னால் விடை சொல்ல இயலவில்லை. அந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

மாற்றுத்திறனாளர் போட்டியில் இறங்குவது முற்றிலும் புதியது அன்று. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயி நகரில் நடந்த ஒலிம்பிக்கில், மரக்கால் பொருத்திய ஜார்ஜ் ஐசர் உடற்பயிற்சிப் போட்டிகளில் மூன்று தங்கம் உட்பட ஆறு பதக்கங்கள் பெற்றார். காது கேளாதோர் 1924இலேயே பாரிஸ் நகரில் தமக்கெனப் பன்னாட்டுப் போட்டி நடத்தினர். ஆயினும், முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனவர் விளையாடுவார் என்று எவரும் கனவிலும் கருதவில்லை. அவர் உயிர் வாழ்வார் என்றே கருதவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. மூளையின் கட்டளைகளை உடலுக்குக் கொண்டு செல்வது முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடம். அது அறுபட்டால், அறுபட்ட இடத்திற்குக் கீழே அசைவும் இல்லை; உணர்ச்சியும் இல்லை. ஒரே பக்கமாகப் படுத்திருந்தாலும் வலி தெரியாது. ஆகவே தோல் அழுகிப் படுக்கைப் புண் உண்டாகும். சிறுநீர் தானாக வெளியேறாமல் தேங்கி, நோய்க் கிருமிகளுக்கு இடமாகும். பெரும்பாலோரைக் கொன்றவை இவ்விரண்டுமே. எலும்பு முறிவு அவர்களைக் கொல்லவில்லை. முறிவுக்குப் பின் நேர்ந்த புறக்கணிப்பே கொன்றது எனலாம்.

இதனைக் கண்டு மனம் பொறாதவர் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர். இவர் ஜெர்மனியில் 1899இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1917இல், மருத்துவம் பயிலும் முன்னரே, மருத்துவமனை ஒன்றில் தொண்டு புரிந்துகொண்டிருந்தார். முதுகு முறிந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரை அங்குக் கொணர்ந்தனர். அவரைப் பற்றிய குறிப்புகளை இளைஞர் குட்மன் எழுதத் தொடங்கியபோது, சில வாரங்களில் சாகப்போகிறவனுக்குக் குறிப்பு எதற்கு என்று தடுத்தனர். அவ்வாறே ஐந்து வாரங்களில் அத்தொழிலாளி இறந்தார். அக்காட்சி குட்மன் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை.

பின்னர் அவர் பிரெஸ்லவ் நகரில் புகழ்மிக்க நரம்பியல் மருத்துவரானார். 1933இல் ஹிட்லர் ஆட்சி யூதர்களைப் பதவிகளிலிருந்து நீக்கியது. குட்மன் யூதர் மருத்துவமனையில் பணியாற்றினார். 1938 நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட இரவில், நாடி வந்தோர் அனைவரையும் நோயாளிகளாகச் சேர்த்துக்கொள்ளுமாறு பணித்தார். அவ்வாறு சேர்ந்த 64 பேரில் 60 பேர் கைதாகாமல் தப்பினர். மறு ஆண்டு அவர் குடும்பத்துடன் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

போரில் தண்டுவடம் சிதைந்த வீரர்களுக்காக ஆங்கில அரசினர் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவு ஒன்றை 1944 பிப்ரவரியில் அமைத்தபோது, அதன் பொறுப்பைக் குட்மன் ஏற்றார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்கச் செய்தார். தோலையும் சிறுநீர்ப் பையையும் தூய்மையாகக் காத்தார். நோயாளிகள் பிழைத்தனர். ஆனால் பிழைத்தவர் என்ன செய்வது? சுவரைப் பார்த்துக்கொண்டே வாழ்நாளைக் கழிப்பதா? குட்மன் அவர்களுக்குத் தச்சு வேலையும் கடிகாரம் பழுது பார்த்தலும் கற்பிக்கச் செய்தார். அடுத்து விளையாட்டு வந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, கைத்தடியால் அடித்து ஆடும் போலோ ஆட்டம் முதலில் தோன்றியது. அது மிக முரட்டு ஆட்டமாக இருந்ததால் கைவிடப்பட்டு, கூடைப்பந்து அதன் இடத்தைப் பெற்றது.

வில்வித்தையை அவர் தேர்ந்ததில் அறிவியல் நுட்பம் இருக்கிறது. நம் முதுகின் இரு புறமும் அகன்று விரிந்த தசை ஒன்று உண்டு. அதற்குரிய நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து வருகிறது. தசையின் கீழ் முனையோ இடுப்பெலும்பு வரையில் செல்கிறது. எனவே, முதுகு நடுவில் முறிந்தாலும் இத்தசை உயிருடன் இருக்கும். செயலற்ற பகுதியைத் தாங்கி, உடலைச் சாயாமல் நிறுத்தும். வில் நாணை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது வலுப்பெறும். அன்றியும், அமர்ந்து எய்பவரும் நின்று எய்பவரும் ஒரே இலக்கை நோக்கிச் சமமாகப் போட்டியிடலாம்.

1948 ஜூலை 29ஆம் நாள் லண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் 14 ஆடவரும் 2 மகளிரும் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில் ஏந்தினர். பதினாறே பேர்! அவ்வொலிம்பிக்கிலேயே, வலக்கையைக் கையெறி குண்டுக்குப் பறிகொடுத்த ஹங்கேரி வீரர் கரோலி தகாச், இடக்கையால் சுட்டுத் தங்கம் வென்றார் என்பதும் நினைக்கத் தக்கது.

1952இல் டச்சு வீரர்கள் வந்து சேரவே, ஸ்டோக் மாண்டவில் போட்டி பன்னாட்டுப் போட்டியாயிற்று. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 400 பேர் கூடினர். அதுவே முதல் பாராலிம்பிக் என்று இன்று எண்ணப்படுகிறது. 1976 டொராண்டோ போட்டியில் பார்வையற்றோரும் கைகால் இழந்தோரும் இடம் பெற்றனர். 1988 முதல், ஒலிம்பிக் நடந்த அரங்குகளிலேயே இதுவும் நடக்கலாயிற்று. 2024 பாரிஸ் போட்டியில் ஏறத்தாழ 4,400 பேர் பங்கேற்றனர்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். குறைகள் பலவகை, யாரை யாருடன் மோதவிடுவது? தொடக்கத்தில் தண்டுவடம் எந்த இடத்தில் சிதைந்தது என்பதை வைத்தே பிரித்தனர். பின்னர், அவ்விளையாட்டுக்கு வேண்டிய அசைவு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்து வகுத்தனர். பார்வையற்ற ஓட்டக்காரருக்கு ஒரு வகை. செயற்கைக்கால் அணிந்தவருக்கு வேறு வகை. இம்முறை நேர்மையை நம்பி நிற்பது. 2000ஆம் ஆண்டு சிட்னியில், அறிவு வளர்ச்சிக் குறையுள்ளோருக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியில் பெரும்பாலோர்க்கு அக்குறையே இல்லை என்பது வெளிப்பட்டது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஆனால் அதன் தண்டனையை உண்மையான வீரர்களும் சுமந்தனர்; அப்பிரிவினர் 2012 வரையில் பாராலிம்பிக்கில் இடம் பெறவில்லை.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. 1965 போரில் குண்டடிபட்ட படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972 ஹைடல்பர்க் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தனிப் போட்டியில் இந்தியர் தங்கம் பெற்றது 2008இல்தான் என்பதை இங்கு ஒப்பிட்டுப் பாருங்கள். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்தவர். 2016 ரியோ போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் பெற்றார். அடுத்த இரு பாராலிம்பிக்கிலும் பதக்கம் பெற்றார். பாரிஸில் இந்தியா பெற்றவை 29 பதக்கங்கள்.

இவ்வரலாறு எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று. முதுகு முறிந்தவர்பால் இரக்கம் கொண்டோர் குட்மனுக்கு முன்பும் பலர் இருந்திருப்பர். அவர்கள் நோயாளியிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை. குட்மன் எதிர்பார்த்தார். போட்டியில் ஒருவரை எதிர்கொள்வது, அவர் நம்மை வெல்லக்கூடும் என்று ஒப்புக்கொள்வதாகும். நண்பருக்கு நான் அளித்தது நிழலும் நாற்காலியும். அளிக்கத் தவறியது இந்த மதிப்பு.

நெதர்லாந்தில் 1956இல் தோன்றிய ஆட்டம் ஒன்று உண்டு: அமர்ந்து ஆடும் கைப்பந்து. களம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஆடவர்க்கு வலையின் உயரம் 1.15 மீட்டர். இருக்கை தரையை விட்டு எழாமல் பந்தை அடிக்க வேண்டும். எல்லோரும் தரையில் அமர்ந்துவிட்டால் ஊன்றுகோல் எவருக்கும் தேவைப்படாது. நம்மிடம் வலை இருக்கிறது. தாழ்த்திக் கட்டினால் போதும்.

வரும் பொங்கலுக்கு இவ்வாட்டத்தைச் சேர்க்கலாமா என்று நண்பரைக் கேட்டேன். இம்முறை முதலில் அவரைத்தான் கேட்டேன். "ஆடலாம், ஆனால் தோற்றபின், விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லக்கூடாது" என்றார். இரண்டு அணிகளுக்குப் பன்னிருவர் வேண்டும். அவர் பெயரை எழுதிவிட்டேன். என் பெயரை எதிரணியில் எழுதியிருக்கிறேன். இன்னும் பத்துப் பேர் தேவை.