நூல் நம்பரைச் சோதிக்க ஒரு வீட்டுத் தராசு

சில ஆண்டுகளுக்கு முன் நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், அங்கத்தினர் ஒருவர் நூலைக் கையாடிவிட்டதாகப் புகார் எழுந்திருந்தது. 40-ம் நம்பர் நூலை எடைப்படி பெற்றுச் சென்றவர், வரவேண்டிய துணியில் பத்தில் ஒரு பங்கு குறைவாகக் கொண்டுவந்தார் என்பதே குற்றச்சாட்டு. அவரிடம் எஞ்சியிருந்த சிட்டாக்களை நிறுத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12.6 கிராம் இருந்தது. உண்மையில் அது 36-ம் நம்பர் நூல்! நூல் பருமனாயின் அதே எடைக்கு நீளம் குறையும். நீளம் குறைந்தால் துணியும் குறையும். பிடித்தம் செய்த கூலியைக் கமிட்டியார் திருப்பிக் கொடுத்தனர். அவர் இழந்த மானத்தை எந்தப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது?

கணக்கு எளியது. 840 கெஜ நீளமுள்ள சிட்டாக்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் ஆகுமோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். எனவே 453.6-ஐ நம்பரால் வகுத்தால் ஒரு சிட்டாவின் எடை கிடைக்கும். 20-க்கு 22.7 கிராம், 40-க்கு 11.3, 60-க்கு 7.6, 80-க்கு 5.7.

இதை நிறுக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. 30 சென்டிமீட்டர் மர அளவுகோல் ஒன்று, ஒரே அளவான இரு பிளாஸ்டிக் தம்ளர்கள், ஒரு தடித்த ஊசி, சிறிது நூல், மருந்துக்கடையில் கிடைக்கும் 5 மில்லி சிரிஞ்சு ஒன்று ஆகியவை போதும். கோலின் சரிபாதியில், அகலத்தின் நடுவிற்குச் சற்று மேலாகத் துளையிட்டு ஊசியைச் செருகுக. துளை நடுவிற்குக் கீழே அமைந்தால் கோல் நிலைகொள்ளாது கவிழ்ந்துவிடும்; மிக உயரே அமைந்தால் சிறு எடைக்கு அசையாது. பலரும் பிழை செய்வது இவ்விடத்தில்தான். இரு முனைகளிலும் நடுவிலிருந்து சம தூரத்தில் தம்ளர்களைத் தொங்கவிட்டு, ஊசியின் இரு பக்கங்களையும் இரு புத்தக அடுக்குகளின்மீது தாங்கச் செய்க. கோல் ஒருபுறம் சாய்ந்தால், உயர்ந்த பக்கத்தில் சிறிது மெழுகு ஒட்டிச் சமன்செய்க.

எடைக்கல் தண்ணீரே. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் எடையுள்ளது. ஒரு தம்ளரில் சிட்டாவை இட்டு, மற்றதில் கோல் சமமாகும்வரை சிரிஞ்சினால் தண்ணீர் விட்டு, விட்ட அளவைக் குறித்துக்கொள்க. பின்பு தம்ளரைத் துடைத்து, பக்கம் மாற்றி மறுபடியும் நிறுக்க. இரண்டும் வேறுபட்டால் சராசரியைக் கொள்க.

ஒரே சிட்டாவைக் கொண்டு யார்மீதும் பழி கூறலாகாது. ஐந்து சிட்டாக்களேனும் நிறுக்கவேண்டும். மழைக்காலத்தில் பஞ்சு ஈரம் உறிஞ்சிக் கனக்கும். கஞ்சியிட்ட நூலும் சாயமேற்றிய நூலும் இச்சோதனைக்கு ஏற்றவை அல்ல. சிட்டாவின் நீளமும் சரியாயிருத்தல் வேண்டும்: 54 அங்குலச் சுற்றில் 80 இழை கொண்ட பிரிவுகள் ஏழு. அரை கிராம் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இக்கருவியின் நுட்பம் அவ்வளவே. முத்திரையிட்ட தராசுக்கு இது மாற்றும் அன்று. ஆயினும், நூல் வாங்கிய அன்றே, பாவு ஓட்டுமுன் நிறுத்து, எடையைக் காரியதரிசியின் முன்னிலையில் எழுதி வைத்தால், பின்னர் வரும் வழக்கு பாதி தீர்ந்துவிடும்.

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்க்கும் இத்தராசு உதவும். 30 கிராம் விதைப்பருத்தியை நிறுத்து, கையால் விதை நீக்கிப் பஞ்சை மட்டும் நிறுக்கலாம். 10 கிராம் நின்றால், பஞ்சு மூன்றில் ஒரு பங்கு என்று அரவை ஆலைக்குப் போகுமுன்பே அறியலாம்.